கையில் வெடிப்பு இருக்கிறது, ஹெபடைட்டிஸ் சி உள்ள தாத்தாவைப் பார்த்துக்கொள்கிறேன். வேலையை விட்டுவிடவா?

கேட்டவர் எழுதியது: வயது 46. முன்பு ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு, இப்போது மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு தாத்தாவை அவர் வீட்டில் பார்த்துக்கொள்கிறார். தாத்தாவுக்கு இனிப்பு நீர் (சர்க்கரை நோய்), வாரம் மூன்று முறை டயாலிசிஸ். ஹெபடைட்டிஸ் சி (கல்லீரலைத் தாக்கும் கிருமி) இருப்பதை வீட்டார் இப்போதுதான் சொன்னார்களாம்.

விட வேண்டாம் அக்கா. நானும் இதே வட்டாரத்தில் இதே வேலைதான் செய்கிறேன். உங்கள் பயம் நியாயமானது, ஆனால் நீங்கள் முதலில் கவனிக்க வேண்டியது கல்லீரலைத் தாக்கும் இன்னொரு கிருமியான ஹெபடைட்டிஸ் பி.

காரணம் உங்கள் வயது. மலேசியாவில் குழந்தைகளுக்கு ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி 1989-இல்தான் தொடங்கியது. அதற்கு முன் பிறந்த நம் தோட்டத்துப் பெண்கள் பலர் அதைப் போட்டதே இல்லை. இந்த வேலைக்கு அதிகம் வருவதும் அவர்கள்தான். நோயாளியின் ரத்தம் பட்ட ஊசி குத்தினால், தடுப்பூசி போடாதவருக்கு ஹெபடைட்டிஸ் பி தொற்றும் வாய்ப்பு 100-க்கு 6 முதல் 30 வரை. ஹெபடைட்டிஸ் சி 100-க்கு 2-க்கும் குறைவு. எல்லாரும் நடுங்கும் எச்ஐவி 1000-க்கு 3 அளவுதான். பி கிருமி காய்ந்த ரத்தத்திலும் ஏழு நாள் வரை உயிரோடு இருக்கும். இவ்வளவு எளிதாகத் தொற்றும் அந்த ஒன்றுக்குத்தான் தடுப்பூசியும் இருக்கிறது. ரத்தம் சோதித்துப் பாருங்கள். எதிர்ப்புச் சக்தி இல்லையென்றால் மூன்று ஊசி: இன்று ஒன்று, ஒரு மாதத்தில் ஒன்று, ஆறாம் மாதம் ஒன்று. உங்களை வேலைக்கு அனுப்பியது ஏஜென்சி என்றால் செலவை அவர்களிடம் கேளுங்கள். கையுறைகூடத் தராமல் ஆளை அனுப்பும் இடங்களை நான் பார்த்திருக்கிறேன், கோபம்தான் வருகிறது.

சரி, தாத்தா விஷயத்துக்கு வருவோம். ஹெபடைட்டிஸ் சி ரத்தத்தில் பரவுவது. ஒரே தட்டில் சாப்பிட்டாலும், கைபிடித்து நடக்க வைத்தாலும், குளிப்பாட்டினாலும் வராது. பேம்பர்ஸ் மாற்றும்போது கையுறை போடுவது மற்றக் கிருமிகளுக்காக. ரத்தம் கலக்காத சிறுநீரும் மலமும் ஹெபடைட்டிஸ் சி-யைக் கொடுப்பதில்லை. அவருக்கென்று தட்டு, டம்ளர் ஒதுக்கி வைத்திருந்தால் தயவுசெய்து எடுத்து உள்ளே வையுங்கள். அந்த வயதில் அது மனதை உடைத்துவிடும்.

உங்களுக்கு ஆபத்து வரக்கூடிய நேரங்கள் கொஞ்சம்தான். டயாலிசிஸ் முடிந்து வந்த அன்று கையில் ஊசி போட்ட இடம் சில நேரம் மறுபடி கசியும். பதற்றத்தில் வெறுங்கையால் அழுத்திவிடுவோம். அதனால் கையுறையும் சுத்தமான காஸ் துணியும் அவர் நாற்காலி பக்கத்திலேயே இருக்கட்டும். கையுறை போட்டு விடாமல் அழுத்துங்கள். கால்மணி நேரத்தில் நிற்கவில்லை என்றாலோ, பீய்ச்சி அடித்தாலோ உடனே ஆம்புலன்ஸ். அடுத்தது சர்க்கரை பார்க்கும் ஊசியும் இன்சுலின் ஊசியும். மூடியை மறுபடி மாட்டப் போகும்போதுதான் பெரும்பாலும் விரலில் குத்தும், மாட்டவே வேண்டாம். தாத்தாவுக்குப் போட்டு முடித்தவுடன் ஊசியை அப்படியே தடித்த, காலியான பிளாஸ்டிக் சலவைச் சோப்புப் போத்தலுக்குள் போட்டுவிடுங்கள். சவரக் கத்தியும் பல்துலக்கியும் அவருக்கு மட்டும்.

பால்வெட்டிய கையில் வெடிப்பு சீக்கிரம் ஆறாது, எனக்குத் தெரியும். வேலைக்கு முன் வெடிப்பின்மேல் தண்ணீர் புகாத பிளாஸ்டர், அதன்மேல் கையுறை. இரவில் வாஸ்லின் தடவுங்கள். தரையில் ரத்தம் சிந்தினால் கையுறையோடு துடைத்துவிட்டு, ஒரு பங்கு குளோரோக்ஸுக்கு (ப்ளீச்) ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து ஊற்றி, பத்து நிமிடம் விட்டு மறுபடி துடையுங்கள்.

அப்படியும் ஊசி குத்திவிட்டால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பிதுக்காதீர்கள், குளோரோக்ஸ் ஊற்றாதீர்கள். அன்றே மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போய், யாருடைய ரத்தம், அவருக்கு என்ன நோய் என்று மறைக்காமல் சொல்லுங்கள். ஹெபடைட்டிஸ் பி-க்கான ஊசி 24 மணி நேரத்துக்குள் போடுவது நல்லது. எச்ஐவி சந்தேகம் இருந்தால் 72 மணி நேரத்துக்குள் மாத்திரை தொடங்க வேண்டும், 28 நாள் சாப்பிட வேண்டும். சி-க்கு அப்படி முன்தடுப்பு மருந்து கிடையாது, ரத்தம் சோதித்துப் பார்த்துக்கொண்டே வருவார்கள்.

அப்புறம், தாத்தா வீட்டாரிடம் ஒன்று கேளுங்கள்: சி-க்கு மருந்து எடுக்கிறாரா? இப்போது அது மாத்திரையிலேயே குணமாகும் நோய், பெரும்பாலும் 12 வாரம், நூற்றில் 95 பேருக்கு மேல் குணமாகிறார்கள். மலேசிய அரசு 2017-இல் சோஃபோஸ்புவிர் என்ற அந்த சி மருந்தின் காப்புரிமையைத் தாண்டி மலிவான மாத்திரையை வரவழைக்க உத்தரவு போட்டது. அதனால்தான் நம் அரசாங்க மருத்துவமனைகளில் அந்தச் சிகிச்சை கிடைக்கிறது. டயாலிசிஸ் நோயாளிக்கும் கொடுக்கலாம், சிறுநீரக மருத்துவர் முடிவு செய்வார். பல வீடுகளில் "வயதாகிவிட்டது, இனி எதற்கு" என்று விட்டுவிடுகிறார்கள். அடுத்த முறை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போகும்போது அங்குள்ள மிஸ்ஸியிடம் (நர்ஸிடம்) நீங்களே கேட்டுவிடுங்கள் அக்கா.