ரோமானியப் படைகள் ஒரே இரவுக்காக ஏன் முகாம் அமைத்தன?

எதிரி மண்ணில் அணிவகுத்துச் செல்லும் ரோமானியப் படை இரவு தங்குவதற்கு எழுப்பிய மண் அரண்தான் தற்காலிக முகாம். சுற்றிலும் அகழி வெட்டி, அந்த மண்ணையே உட்புறம் கரையாகக் குவித்து, மேலே கூர்முளைகளை நடுவார்கள். உள்ளே தோல் கூடாரங்கள். ஒன்றுக்கு 8 வீரர்கள்.

நடந்து களைத்தவர்களுக்கு இவ்வளவு வேலையா? ஆம், தூங்கும் படையை அழிப்பது எளிது. வாசலுக்கு நேர் எதிரே, சற்றுத் தள்ளி, தனியாக ஒரு சிறு அகழியும் மேடும் அமைத்தார்கள். பாய்ந்து வருகிறவன் நேராக நுழைய முடியாது. என்னை மிகவும் வியக்கவைப்பது மாறாத உள்ளமைப்புதான். எந்த ஊர் ரயிலில் ஏறினாலும் நம் படுக்கை எண் எந்தப் பக்கம் என்று தெரிவதுபோல, வீரனுக்குத் தன் கூடாரத்தின் இடம் இருட்டிலும் தெரியும்.

எல்லைச் சாலைகள் படையையும் உணவையும் நகர்த்தின; அவற்றின் ஓரமாகவே முகாம்கள் பெருகின. இங்கிலாந்தின் யார்க் நகரிலிருந்து வடக்கே செல்லும் டியர் ஸ்ட்ரீட் என்ற ரோமானியச் சாலை செவியட் மலையைக் கடக்கும் சூ கிரீன் என்ற இடத்தில் பல முகாம்களின் மண்கரைகள் ஒன்றையொன்று வெட்டிக் கிடக்கின்றன. படைகள் அங்கே திரும்பத் திரும்பத் தங்கியிருக்கின்றன.

இவற்றைக் கற்கோட்டைகள் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் வட இங்கிலாந்தில் ரோமானியர்கள் கி.பி. 122-இல் கட்டத் தொடங்கிய எல்லை மதிலான ஹேட்ரியன் சுவரின் கோட்டைகள் நிலையான படைகளுக்கானவை, தற்காலிக முகாமில் கல் மதிலே கிடையாது.