காய்ந்த காற்றில் ஆர்கிட் நிற்குமா?

கேள்வி: எங்கள் மொட்டைமாடியில் வெயிலும் காற்றும் அதிகம், மழை குறைவு. பூவோடு இருந்த ஆர்கிட் செடிகள், மூன்று டென்ட்ரோபியமும் ஒரு வாண்டாவும் வாங்கி, கூடையில் மாட்டினேன். இரண்டே மாதத்தில் பூ கொட்டி, தண்டு சுருங்கிவிட்டது. தினம் ஐந்து முறை தண்ணீர் தெளிக்கச் சொல்லி, ஒரு டானிக்கும் கொடுத்தார் விற்றவர். பலனில்லை. வெளியில் ஆர்கிட் வளர்க்கவே முடியாதா?

பதில்: வளர்க்கலாம். முதலில் காற்றைத் தடுங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

நிழல் வலைக்குக் கீழே 35 டிகிரி வெப்பத்தை டென்ட்ரோபியம் தாங்கிவிடும். இடைவிடாமல் வீசும் வறண்ட காற்றைத்தான் தாங்காது. ஆர்கிட் வேரின் மேல் பஞ்சு மாதிரி ஓர் உறை உண்டு. நனைந்தால் பச்சையாகும், காய்ந்தால் வெள்ளி நிறத்துக்குத் திரும்பும். நாளைக்குத் தண்ணீர் தெளித்ததும் கடிகாரத்தைப் பாருங்கள். கால் மணி நேரத்தில் வேர் வெளுத்துவிட்டால், ஐந்து முறை தெளித்தாலும் செடிக்கு ஈரம் கிடைப்பது ஒன்றேகால் மணி நேரம்தான். மீதி நேரமெல்லாம் பட்டினி.

சரி, காற்றை எப்படித் தடுப்பது? சுவரோ தகடோ வைக்காதீர்கள். முட்டிய காற்று மேலேறி மறுபக்கம் குதித்துச் சுழலும், அந்தச் சுழலில் தொட்டி ஆடி இளம் வேர் நுனிகள் முறியும். 50 சதவீத நிழல் வலையைக் காற்று வரும் பக்கம் செங்குத்தாக இழுத்துக் கட்டுங்கள். வலை காற்றைப் பாதி விட்டுப் பாதி அடக்கும். தலைக்கு மேலும் அதே வலை போதும். தொங்கவிட்ட செடிகளை இறக்கி, நெருக்கமாகக் கூட்டி வையுங்கள். தரையில் நனைத்த செங்கல் பரப்பி, சாயங்காலம் ஒரு முறை நன்றாக நனைத்துவிடுங்கள். ஏன் சாயங்காலம்? தடித்த இலை ஆர்கிட்கள் பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு இரவில்தான் திறக்கும். சுற்றிலும் ஈரம் வேண்டியிருப்பது அப்போதுதான். வேருக்கான தண்ணீரை விடியற்காலையில் ஊற்றுங்கள், தொட்டியின் அடியில் ஒழுகும் வரை.

இந்த இடத்தில் வாண்டாவைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். வாண்டாவை வெறுங்கூடையில், வேர் அந்தரத்தில் தொங்கத்தான் வளர்க்க வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். காற்றிலேயே ஈரம் நிறைந்த இடத்துக்கு அது சரி. உங்கள் மாடியில் அது தண்டனை. டென்ட்ரோபியம் தடித்த தண்டில் தண்ணீரைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். வாண்டாவுக்கு அந்தச் சேமிப்பு கிடையாது, அன்றன்றைக்குக் குடித்தால்தான் உண்டு. அதனால் சுடுமண் தொட்டியில் பெரிய கரித்துண்டுகளைப் போட்டு, வேரில் பாதியாவது அதற்குள் இறங்கும்படி வையுங்கள். நீண்ட வேர் விறைப்பாக இருந்தால் ஒடித்துத் திணிக்கக் கூடாது. கால் மணி நேரம் தண்ணீரில் ஊறவிட்டால் வளைந்துகொடுக்கும். அப்படியும் அடங்காத வேர் வெளியே இருக்கட்டும், வேர் தொடங்கும் கழுத்தருகே கொஞ்சம் ஸ்பாக்னம் பாசி, அதாவது தண்ணீரைப் பிடித்து வைக்கும் காய்ந்த பாசி, சுற்றிவிடுங்கள். பாசி வைத்தால் அழுகும் என்று பயமுறுத்துவார்கள். இந்தக் காற்றில் அழுகும் அளவுக்கு ஈரம் தங்கினால் அதுவே பெரிய விஷயம்.

அந்த டானிக் பாட்டிலை மூடி வையுங்கள். செத்த வேர் எந்த டானிக்கையும் குடிக்காது. என்னிடம் செடியோடு வருபவர்களில் பாதிப் பேர் கையில் இப்படி ஒரு பாட்டில் இருக்கிறது. உண்மையில் உங்களை ஏமாற்றியது டானிக்குக்கு முந்தைய கட்டம். ஈரமான பசுமைக்குடிலில் வளர்ந்து, பூத்த பிறகு கைமாறிக் கைமாறி வந்த செடியை நேரே மொட்டைமாடிக்கு விற்றிருக்கிறார்கள். எந்த நிழலில், எவ்வளவு ஈரத்தில் வளர்ந்தது என்று ஒரு சீட்டுகூட இல்லை. மாத்திரை அட்டையில் மருந்தின் பெயர் இல்லாமல் விற்றால் விடுவோமா? செடியை மட்டும் 'ஆர்கிட்' என்ற ஒற்றைச் சொல்லோடு தள்ளிவிடுகிறார்கள், கேட்க ஆளில்லை. நீல நிற ஃபெலனாப்சிஸ் ஆர்கிட் என்று விற்பதில் பெரும்பாலானவை தண்டில் சாயம் ஏற்றியவை, அடுத்த பூ வெள்ளையாக வரும். பொட்டலத்தில் வரும் 'ஆர்கிட் விதை'யையும் தொடாதீர்கள். உண்மையான ஆர்கிட் விதை தூசி மாதிரி இருக்கும், ஆய்வகக் குடுவையில்தான் முளைக்க வைப்பார்கள். வீட்டுத் தொட்டியில் தூவி முளைக்க வைக்கும் சமாச்சாரம் அல்ல அது.

இனி வாங்குவதாக இருந்தால் பூவில்லாத, வேர் நுனி பச்சையாக உள்ள செடியாகப் பாருங்கள். கடலோரப் பாறைகளிலும் சதுப்பு மரங்களிலும் உப்புக்காற்றை வாங்கி வளரும் பிராசவோலா நோடோசா என்ற ஆர்கிட் உங்கள் மாடிக்குப் பொருந்தும். கம்பி போன்ற இலை, இரவில் மணக்கும் வெள்ளைப் பூ.

இப்போது இருக்கும் செடிகளுக்கு வருவோம். கூடையிலிருந்து எடுத்து ஒவ்வொரு வேரையும் விரலால் அழுத்துங்கள். கெட்டியாக இருந்தால் உயிர் இருக்கிறது. உறை கழன்று கையோடு வந்து, நடுவில் நூல் மட்டும் நின்றால் அது போய்விட்டது, வெட்டிவிடுங்கள். மிஞ்சியதை அதற்கேற்ற சின்னச் சுடுமண் தொட்டியில், கரியும் கொஞ்சம் பாசியும் கலந்து, ஆடாமல் கட்டி நடுங்கள். டென்ட்ரோபியத்தின் சுருங்கிய தண்டு பழையபடி பருக்காது, அதைப் பார்த்து மனம் விடாதீர்கள், வெட்டவும் வேண்டாம். அதன் அடியிலிருந்துதான் புதுத் தளிர் வரும். தளிரின் கீழே புது வேர் இரண்டு விரற்கடை நீளும் வரை உரம் எதுவும் வேண்டாம். அதன் பிறகு, பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவில் கால் பங்கு, வாரம் ஒரு முறை.