அடிபட்ட கார் சக்கரம்: வீட்டில் எதுவரை சரிசெய்யலாம்?

கார் சக்கரத்தில் கீறல், துரு, பெயிண்ட் உரிவது என்று நிறைய பேர் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துச் சுருக்கி, பதில் எழுதியிருக்கிறேன். பெயிண்ட் வேலை எனக்கு மிகவும் பிடித்த வேலை. ஆனால் சக்கரம் என்று வந்தால் அழகுக்கு முன்னால் பார்க்க வேண்டியது அதன் உறுதி. அதனால் சில பதில்கள் கண்டிப்பாகவே இருக்கும்.

கேள்வி: நடைபாதைக் கல்லில் உரசி அலாய் வீலின் ஓரம் முழுக்கக் கீறல். நானே சரிசெய்யலாமா?

கீறல் மட்டும்தான் என்றால் தாராளமாகச் செய்யலாம். அது மட்டும்தானா என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். சக்கரத்தைக் கழற்றி முன்னும் பின்னும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். நல்ல வெளிச்சத்தில் உள்பக்க விளிம்பை விரலால் தடவிக்கொண்டே ஒரு சுற்று பாருங்கள். குழியில் இறங்கும்போது பெரும்பாலும் அடிபடுவது, நம் கண்ணில் படாத அந்த உள்விளிம்புதான். ஸ்போக்குகள் வளையத்தோடு சேரும் இடங்களையும் பாருங்கள். மயிரிழை போல ஒரு கோடு தெரிந்தாலும், விளிம்பு நெளிந்திருந்தாலும், குறிப்பிட்ட வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்கினாலும் உப்புத்தாளைக் கீழே வைத்துவிடுங்கள். அதை முதலில் சக்கரம் பழுது பார்ப்பவரிடம் காட்டுங்கள். பெயிண்ட் அடித்தால் விரிசல் மறையுமே தவிர நிற்காது.

கேள்வி: விளிம்பு லேசாகத்தான் நெளிந்திருக்கிறது. சூடு காட்டிச் சுத்தியலால் தட்டி நிமிர்த்தினால் என்ன?

வேண்டாம் தம்பி. பெரும்பாலான அலாய் வீல்கள் அலுமினியத்தோடு சுமார் 7 சதவீதம் சிலிக்கானும் கொஞ்சம் மெக்னீசியமும் சேர்த்து வார்த்தவை. வார்த்தபின் சுமார் 540 டிகிரி செல்சியஸில் வைத்து, தண்ணீரில் குளிர்வித்து, மறுபடி 150 டிகிரியை ஒட்டிய சூட்டில் மணிக்கணக்கில் பதப்படுத்துவார்கள். சக்கரத்தின் வலிமை அந்தப் பதத்தில்தான் இருக்கிறது. கேஸ் டார்ச்சைக் காட்டினால் அந்த இடத்தில் பதம் போய்விடும். அலுமினியம் இரும்பு மாதிரி சிவந்து எச்சரிக்கையும் தராது. எவ்வளவு சூடேறியது என்று கண்ணால் சொல்லவே முடியாது. விரிசலை வெல்டிங் வைத்து அடைக்கிற யோசனைக்கும் இதே பதில்தான்.

கேள்வி: எந்த வரிசையில் வேலை செய்ய வேண்டும்? ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரி சொல்கிறார்கள்.

நான் செய்கிற முறையைச் சொல்கிறேன்.

முதல் வேலை கழுவுவது. பிரேக் தூசியில் இரும்புத் துகள் இருக்கும்; சூட்டோடு பறந்து வந்து சக்கரத்தின் மேல்பூச்சில் பதிந்துவிடும். சோப்புக்கு அது போகாது. இரும்புத் துகளைக் கரைக்கும் வீல் கிளீனரை அடித்தால் ஊதா நிறமாக வடியும். அப்புறம் மெழுகையும் எண்ணெயையும் எடுக்கிற திரவத்தால் துடையுங்கள். துடைக்காமல் உப்புத்தாளைத் தொட்டால் அழுக்கை உலோகத்துக்குள்ளேயே தேய்த்து இறக்குவீர்கள்.

அடுத்து உரசல் இடத்தில் துருத்திக்கொண்டிருக்கும் பிசிறுகளை மெல்லிய அரத்தால் எடுங்கள். பிறகு 80 அல்லது 120 நம்பர் உப்புத்தாள். அடிபட்ட இடத்தை மட்டும் தேய்த்தால் அங்கே பள்ளம் விழும், பெயிண்ட் அடித்ததும் பளிச்சென்று காட்டிக்கொடுக்கும். சுற்றிலும் அகலமாகத் தேய்த்து, பழைய பெயிண்டின் ஓரம் விரலுக்குத் தட்டுப்படாத அளவுக்குச் சரிவாக்குங்கள்.

ஆழமான கீறல் என்றால் அது மறையும்வரை உலோகத்தைத் தேய்த்துக்கொண்டே போகாதீர்கள். பள்ளத்தை நிரப்பும் பசையான பட்டியைப் போடுங்கள். அலுமினியத் துகள் கலந்த பட்டி இதற்கு நல்லது. 80 நம்பரால் சொரசொரப்பாக்கிய வெறும் உலோகத்தின் மேல் மெல்லியதாகப் போட்டு, நன்றாக இறுகியபின் 180, 240 என்று தேய்த்துச் சமனாக்குங்கள். பட்டியை உலர்ந்தபடியே தேய்க்க வேண்டும். அது தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். பின்னால் கொப்புளமாக எழும்பும்.

வெறும் அலுமினியம் தெரிகிற இடங்களில் எட்ச் பிரைமர் ஒரு மெல்லிய பூச்சு. அலுமினியத்தில் சாதாரண பிரைமர் சரியாகப் பிடிக்காது. எட்ச் பிரைமரில் உள்ள அமிலம்தான் பிடிப்பைக் கொடுக்கிறது. அதே அமிலம் பட்டியைக் கெடுக்கும் என்பதால் இதன் மேல் பட்டி போடக் கூடாது. அதன்பின் சக்கரம் முழுக்க ஃபில்லர் பிரைமர் இரண்டு மூன்று பூச்சு. காய்ந்ததும் 400, பிறகு 600 நம்பரால் தண்ணீர் விட்டுத் தேய்க்கலாம். பிரைமரைத் தேய்த்து எடுத்து உலோகமோ பட்டியோ வெளியே தெரிந்தால், நன்றாக உலரவிட்டு அங்கே மறுபடி பிரைமர்.

கடைசியில் நிறம், அதன் மேல் கிளியர் கோட் என்கிற நிறமற்ற பாதுகாப்புப் பூச்சு. மொத்த நேரத்தில் பாதிக்கு மேல் நிறத்துக்கு முந்தைய வேலைக்கே போகும். போகட்டும், அவசரப்படாதீர்கள்.

கேள்வி: ஸ்போக்குகளின் முகம் பளபளவென்று உலோகமாகவே தெரிகிற சக்கரம். அதே தோற்றத்தைக் கொண்டுவர முடியுமா?

வீட்டில் முடியாது. அது டைமண்ட் கட். லேத் என்கிற கடைசல் இயந்திரத்தில் முகத்தைச் சீவி, மேலே கிளியர் அடித்தது. உற்றுப் பார்த்தால் மெல்லிய வட்ட வரிகள் தெரியும். உப்புத்தாளால் அந்த வரிகள் வராது. முழுச் சக்கரத்தையும் ஒரே நிறமாக மாற்றச் சம்மதமென்றால் நீங்களே செய்யலாம். லேத்துக்கே அனுப்புவதென்றால், ஒவ்வொரு முறையும் கொஞ்சம் உலோகம் குறையும் என்பதை நினைவில் வையுங்கள்.

கேள்வி: உரசலே இல்லை. ஆனால் கிளியருக்கு அடியில் வெள்ளையாகப் புழு ஓடிய மாதிரி தடங்கள். மேலே பெயிண்ட் அடித்துவிடலாமா?

அது அலுமினிய அரிப்பு. எங்கோ சின்னதாகச் சிதைந்த கிளியர் வழியாக ஈரமும் உப்பும் புகுந்து, பூச்சுக்கு அடியிலேயே நூல் நூலாகப் பரவுகிறது. மேலே எது அடித்தாலும் அடியில் வேலை நடந்துகொண்டே இருக்கும். தடம் முடிகிற இடத்தையும் தாண்டி, பிரகாசமான உலோகம் வரும்வரை பூச்சை எடுத்தாக வேண்டும். இதற்கு இரும்புக் கம்பி பிரஷ் கூடாது. அதிலிருந்து உதிரும் இரும்புத் துகள்கள் அலுமினியத்தில் பதிந்து புதிய அரிப்பைத் தொடங்கிவைக்கும். நைலான் பிரஷ் அல்லது உப்புத்தாள் போதும்.

இதோடு சேர்த்து இன்னொருவர், பஞ்சரே இல்லாமல் காற்று மெல்ல இறங்குவதாகக் கேட்டிருந்தார். டயர் வந்து உட்காரும் விளிம்பிலும் இதே அரிப்பு வரும். சோப்புத் தண்ணீர் ஊற்றினால் ரிம் ஓரத்தில் குமிழி விடும். டயரைக் கழற்றி அந்த இடத்தைச் சுத்தம் செய்துதான் தீர்க்க வேண்டும்.

கேள்வி: டயரைக் கழற்றாமல் பெயிண்ட் அடிக்க முடியுமா?

முகத்துக்கு மட்டும் என்றால் முடியும். காற்றை இறக்கி, ரிம்முக்கும் டயருக்கும் நடுவே தடித்த அட்டைத் துண்டுகளைச் சுற்றிலும் ஒன்றன்மேல் ஒன்று படும்படி செருகுங்கள். டேப் ஒட்டுவதைவிடச் சுத்தமாக வரும், விளிம்பின் வளைவுக்குள்ளும் பெயிண்ட் இறங்கும். வால்வை மறைக்க மறக்காதீர்கள். ஓட்டுவதற்கு முன் சரியான அழுத்தத்துக்குக் காற்றடியுங்கள்.

கேள்வி: ஸ்ப்ரே கேனில் அடித்தால் எனக்கு எப்போதும் வடிகிறது. அல்லது ஆரஞ்சுத் தோல் மாதிரி வருகிறது.

வடிந்தால் கிட்டப் பிடித்திருக்கிறீர்கள், அல்லது ஒரே பூச்சில் மூடப் பார்த்திருக்கிறீர்கள். சொரசொரப்பாக வந்தால் தூரம் அதிகம், அல்லது கேன் குளிர்ந்திருக்கிறது. 20 முதல் 25 செ.மீ. தூரம் வையுங்கள். கேனை இரண்டு நிமிடம் நன்றாகக் குலுக்குங்கள். சக்கரத்துக்கு வெளியே அழுத்தத் தொடங்கி, மறுபக்கம் வெளியே போனபின் விடுங்கள். ஒவ்வொரு வரியும் முந்தைய வரியில் பாதியை மூட வேண்டும். முதல் பூச்சில் அடித்தளம் தெரியத்தான் செய்யும், விட்டுவிடுங்கள். பூச்சுகளுக்கு நடுவே 10, 15 நிமிடம் இடைவெளி. ஸ்போக்குகளின் பக்கவாட்டை முதலில் அடித்துவிட்டுக் கடைசியில் முகத்துக்கு வாருங்கள்.

சின்னச் சின்ன வட்டக் குழிகள் விழுந்தால் அது மேலே ஒட்டியிருக்கும் சிலிக்கோன் எண்ணெயின் வேலை. டயர் பாலிஷ்தான் வழக்கமான காரணம். ஈரக் காற்றில் அடித்தால் கிளியர் பால்போல வெளுக்கும், மழை நாளில் வேலையைத் தள்ளிப்போடுங்கள்.

கேள்வி: ஹார்ட்னர் என்கிற இறுகவைக்கும் திரவம் கலந்த கிளியர் நீடித்து உழைக்கும் என்கிறார்களே?

உண்மைதான். சாதாரண ஸ்ப்ரே கிளியர் மேல் பிரேக் ஆயில் சிந்தினால் கரைந்துவிடும். ஹார்ட்னர் கலந்தது நன்றாகத் தாங்கும். ஆனால் அந்த ஹார்ட்னரில் ஐசோசயனேட் இருக்கிறது. சுவாசித்தால் ஆஸ்துமாவை உண்டாக்கும். ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் பிறகு துளி பட்டாலும் உடம்பு ஏற்காது. தூசி முகமூடி இதைத் தடுக்காது. தொழில்முறையில் அடிப்பவர்கள் வெளியிலிருந்து காற்று வரும் முகமூடி போட்டுக்கொள்வது இதற்காகத்தான். அந்த வசதி இல்லாதவர்கள் சாதாரண கிளியரையே மூன்று மெல்லிய பூச்சாக அடியுங்கள். கீறினால் மறுபடி அடித்துக்கொள்ளலாம். நுரையீரலை அப்படிச் சரிசெய்ய முடியாது.

கேள்வி: என்னுடையது சாதாரண இரும்பு ரிம். துரு பிடித்திருக்கிறது.

உங்கள் வேலை சுலபம். இங்கே கம்பி பிரஷ் தாராளமாகப் போடலாம். உதிரும் துருவை எல்லாம் எடுத்து, குழிகளில் மிஞ்சிய துருவைக் கெட்டியான படலமாக மாற்றும் திரவத்தை (துரு மாற்றி) தடவி, துரு தடுக்கும் பிரைமர், மேலே கறுப்போ வெள்ளி நிறமோ அடியுங்கள். துரு தின்று தகடு மெலிந்திருந்தால், குறிப்பாக நட் துளைகளைச் சுற்றி, அந்த ரிம்மை மாற்றிவிடுங்கள்.

கேள்வி: பின்பக்கம், நட் துளை எல்லாவற்றுக்கும் சேர்த்து அடித்துவிட்டேன். பரவாயில்லையா அக்கா?

பரவாயில்லை என்று சொல்ல மாட்டேன் தம்பி. காரில் சக்கரம் வந்து மாட்டும் ஹப்போடு ஒட்டும் பின்முகத்திலும், நட் உட்காரும் குழிகளிலும் தடித்த பெயிண்ட் இருக்கவே கூடாது. முடுக்கும்போது இறுக்கமாகத் தெரியும். ஓடி ஓடி அந்தப் பெயிண்ட் நசுங்கி உதிர்ந்ததும் நட்டின் பிடி தளர்ந்துவிடும். தின்னரில் நனைத்த துணியால் இரண்டு இடத்தையும் உலோகம் தெரியத் துடையுங்கள். இனி அடிக்கும்போது முதலிலேயே மறைத்துவிடுங்கள்.

திரும்ப மாட்டும்போது நட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கி, கடைசியில் இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் (torque) ரெஞ்சால் உங்கள் காரின் கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்குங்கள். 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி சரிபாருங்கள்.

கேள்வி: அடித்து முடித்தபின் எப்போது மாட்டலாம், எப்போது கழுவலாம்?

மாட்ட ஒரு முழு நாளாவது காத்திருங்கள். தொட்டால் ஒட்டவில்லை என்பதால் அடிவரை காய்ந்துவிட்டது என்று ஆகாது. டயர் கழற்றப்பட்டிருந்தாலோ, சக்கரத்தைச் சமன்படுத்த ரிம்மில் பொருத்தியிருந்த பழைய எடைக் கட்டைகள் விழுந்திருந்தாலோ, மாட்டும் முன் பேலன்சிங் பார்த்துவிடுங்கள். கழுவ ஒரு வாரம் போகட்டும். அதன்பிறகும் மென்மையான சோப்பும் துணியும் மட்டும் போதும். அமிலம் கலந்த வீல் கிளீனர் பக்கமே போகாதீர்கள்.