ஓடாமல் கிடக்கும் செயின்சா: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கஜா புயலில் சாய்ந்த தென்னைகளை அறுக்க 2018-ல் ஒரு பழைய செயின்சா வாங்கினேன். வேலை முடிந்ததும் கொட்டகையில் போட்டுவிட்டேன். இப்போது எத்தனை முறை கயிறு இழுத்தாலும் ஸ்டார்ட் ஆகவில்லை. கார்புரேட்டரையே புதிதாக மாற்றிவிடலாமா?
– தென்னை விவசாயி, பட்டுக்கோட்டை

அவசரப்பட வேண்டாம். என்னிடம் "செத்துப்போச்சு" என்று வரும் மிஷின்களில் பெரும்பாலானவை வருடக்கணக்கில் டேங்கில் கிடந்த பெட்ரோலால் நின்றவைதான். ஆனாலும் முதலில் பிளக்கைப் பாருங்கள். பிளக்கைக் கழற்றி, அதன் உலோகப் பகுதி இன்ஜின் பாடியைத் தொடும்படி பிடித்துக் கயிற்றை இழுத்தால் நீலப் பொறி தெரிய வேண்டும். பிளக் ஓட்டையிலிருந்து கை தள்ளியே இருக்கட்டும். உள்ளே மிச்சமிருக்கும் பெட்ரோல் பற்றிக்கொள்ளும். பொறி வரவில்லை என்றால், உடனே காயில் (பிளக்குக்கு மின்சாரம் தரும் சுருள்) வாங்கக் கிளம்பிவிடாதீர்கள். ஆஃப் சுவிட்சுக்குப் போகும் ஒற்றை வயரைக் காயிலிலிருந்து கழற்றிவிட்டு இன்னொரு முறை இழுங்கள். கொட்டகையில் கிடக்கும் மிஷின்களில் அந்த வயரை எலி கடித்து, அது பாடியில் உரசிக்கொண்டிருப்பதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அதுவும் இல்லை என்றால் காந்தச் சக்கரத்துக்கும் காயிலுக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பாருங்கள். ஒரு விசிட்டிங் கார்டு தடிமன், அதாவது கால் மில்லிமீட்டர் போல இருந்தால் சரி. துருவை எமரித் தாளால் துடைத்துவிடுங்கள்.

பொறி நன்றாக வருகிறது என்றால் கோளாறு பெட்ரோல் வழியில்தான். டேங்குக்குள் இருக்கும் டியூபைக் கம்பியால் கொக்கிபோட்டு வெளியே எடுங்கள். அதன் முனையில் பில்டர் இருக்கும். டியூப் பிசுபிசுத்தோ வெடித்தோ இருந்தால் இரண்டையும் மாற்றிவிடுங்கள், செலவு அதிகமில்லை. அப்புறம் கார்புரேட்டரைத் திறந்து உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வான டயாபிரத்தை விரலால் மடக்கிப் பாருங்கள். வெற்றிலை போல வளைந்தால் நல்லது. அப்பளம் போல விறைத்துச் சடசடத்தால் அதன் ஆயுள் முடிந்துவிட்டது. டயாபிரம், கேஸ்கெட், ஊசி எல்லாம் சேர்ந்த ரிப்பேர் கிட் கிடைக்கும். பிரிக்கும்போது ஒவ்வொரு அடுக்கையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்; டயாபிரமும் கேஸ்கெட்டும் வரிசை மாறிவிட்டால் திரும்பவும் ஓடாது. டயாபிரம் உள்ளே இருக்கும்போது கம்ப்ரசர் காற்றை அடிக்கவே கூடாது, கிழிந்துவிடும்.

இன்னும் ஒன்று. சைலன்சர் வாயையும் பாருங்கள். இத்தனை வருடம் கொட்டகையில் கிடந்த மிஷினில் குளவி மண்கூடு கட்டியிருக்க நிறையவே வாய்ப்பு உண்டு.

இப்போது பங்கில் நாம் போடுவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். செயின்சா தயாரிப்பாளர்கள் பெரும்பாலும் 10 சதவீதம் வரைதான் ஏற்கிறார்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரைக் கெடுக்கும். அதனால் வேலை முடிந்த அன்றே டேங்கைக் காலி செய்து, மிச்சத்தைத் தானாக நிற்கும்வரை ஓட்டித் தீர்த்துவிட்டு வையுங்கள்.

பழைய மிஷின் ஒன்றை விலைக்குச் சொல்கிறார்கள். ஓட்டிக் காட்டினார்கள், நன்றாகத்தான் ஓடியது. வேறு என்ன பார்க்க வேண்டும்?
– மர வியாபாரி, கூடலூர்

நீங்கள் போவதற்குள் அவர்கள் சூடாக்கி வைத்திருப்பார்கள். அதனால் குளிர்ந்த மிஷினையே ஸ்டார்ட் செய்து காட்டச் சொல்லுங்கள். அதற்கும் முன்னால் இக்னிஷனை ஆஃப் செய்துவிட்டு, கயிற்றின் கைப்பிடியைப் பிடித்து மிஷினைத் தொங்கவிடுங்கள். சரசரவென்று கீழே இறங்கினால் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்றை அமுக்கும் பலம், போய்விட்டது. ஒவ்வொரு அமுக்கத்திலும் தயங்கித் தயங்கி இறங்கினால் நல்ல அறிகுறி. கேஜ் இருந்தால் பிளக் ஓட்டையில் மாட்டி அளந்துவிடலாம். பெரும்பாலான மிஷின்களில் 120-லிருந்து 150 பிஎஸ்ஐ வரையும் அதற்கு மேலும் காட்டினால் தைரியமாகப் பேரம் பேசலாம். 100-க்குக் கீழே என்றால், பிஸ்டன் செலவைக் கழித்துக்கொண்டுதான் விலை பேச வேண்டும்.

நான் கட்டாயம் செய்வது சைலன்சரைக் கழற்றிப் பார்ப்பது. இரண்டு மூன்று போல்ட்தான். டார்ச் அடித்தால் பிஸ்டனின் பக்கவாட்டு தெரியும். மெஷினில் கடைந்த நேரத்துக் கோடுகள் அப்படியே தெரிந்தால் இன்ஜின் அதிகம் தேயவில்லை. மேலிருந்து கீழாகக் கீறல் இருந்தால், ஓட்டிக் காட்டியதை நம்ப வேண்டாம். கீறல் விழுந்த பிஸ்டனும் பத்து நிமிடம் நன்றாகவே ஓடும். சைலன்சரைக் கழற்ற விற்பவர் சம்மதிக்கவில்லை என்றால் நான் திரும்பி வந்துவிடுவேன்.

பிஸ்டன் கீறிவிட்டது, போர் கிட் (பிஸ்டனும் சிலிண்டரும் சேர்ந்த செட்) மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். போன வருடம்தான் மாற்றினேன். ஏன் மறுபடியும்?
– ஏற்காடு

போன வருடம் பிஸ்டனை மாற்றினீர்கள், காரணத்தை மாற்றவில்லை. இதை நானும் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஆரம்ப காலத்தில் ஒரு மிஷினுக்குப் புது பிஸ்டன் போட்டுக் கொடுத்தேன். ஒரே வாரத்தில் அதே கீறலோடு திரும்பி வந்தது. கிராங்க் தண்டைச் சுற்றியுள்ள ஆயில் சீல் காற்று இழுத்துக்கொண்டிருந்ததை நான் பார்க்கவே இல்லை. அந்த மனிதருக்கு ஒரு வாரக் கூலி போனது. அது இன்றும் எனக்கு உறுத்தல்தான்.

கீறல் எந்தப் பக்கம் என்று பாருங்கள். சைலன்சர் பக்கம் மட்டும் என்றால் ஆயில் குறைவாகக் கலந்த பெட்ரோல், அல்லது காற்று அதிகமாகிப் பெட்ரோல் குறைந்த ஓட்டம். கார்புரேட்டர் பக்கம் என்றால் கிழிந்த ஏர் பில்டர் வழியாக மரத்தூள் உள்ளே போயிருக்கிறது. சுற்றிலும் கீறியிருந்தால் ஆயிலே இல்லாமல் ஓட்டியிருக்கிறார்கள், அல்லது காற்றுத் துடுப்புகளில் தூள் அடைத்துச் சூடேறியிருக்கிறது.

சிலிண்டரை உடனே தூக்கிப்போட வேண்டாம். உள்சுவரில் குரோம் அல்லது நிக்கல் பூச்சு இருக்கும், அது மிகவும் கடினமானது. பல நேரம் கீறலாகத் தெரிவது பிஸ்டனின் அலுமினியம் அந்தச் சுவரில் ஒட்டியிருப்பதுதான். கடையில் விற்கும் ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டைப் பஞ்சுக் குச்சியில் தொட்டு, அந்த இடத்தில் மட்டும் தடவினால் நுரைத்துக் கரையும். நுரை அடங்கியதும் தண்ணீரில் நன்றாகக் கழுவி, துடைத்து, ஆயில் பூசுங்கள். கையுறை, கண்ணாடி போட்டுக்கொண்டு வெட்டவெளியில்தான் செய்ய வேண்டும். நுரை அடங்கவே இல்லை என்றால் பூச்சு உரிந்து ஆசிட் அடியில் உள்ள சிலிண்டரையே தின்கிறது என்று அர்த்தம். உடனே கழுவிவிடுங்கள், அந்தச் சிலிண்டர் ஆகாது. நிறையப் பேருக்கு நல்ல சிலிண்டரே மிஞ்சும், புது பிஸ்டனும் ரிங்கும் போதும். நல்ல நிலையில் இருக்கும் கம்பெனி சிலிண்டரை எடுத்துவிட்டு விலை குறைந்த டூப்ளிகேட் கிட் போடுவதை நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன்.

ஸ்டார்ட் ஆனதும் சும்மா விட்டாலே ரேஸ் ஆகிறது. ஸ்க்ரூவைத் திருப்பியும் அடங்கவில்லை.
– பண்ருட்டி

மேலே சொன்ன காற்றுக் கசிவு உங்களிடம் இப்போது நடந்துகொண்டிருக்கிறது. உடனே நிறுத்துங்கள், ஓட்ட ஓட்ட பிஸ்டன் போகும். கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவே உள்ள ரப்பர் குழாயில் வெடிப்பு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அது நன்றாக இருந்தால் சைலன்சர் வாயையும் கார்புரேட்டர் வாயையும் பழைய டியூப் ரப்பர் வைத்து அடைத்து, பிளக் ஓட்டை வழியாக அரை பார் அழுத்தம் மட்டும் காற்று ஏற்றுங்கள். சோப்புத் தண்ணீர் தடவினால் கசியும் இடத்தில் குமிழி வரும். பெரும்பாலும் கிராங்கின் இரு முனையிலும் உள்ள சீல்தான். ஒன்று போயிருந்தாலும் இரண்டையும் மாற்றுங்கள். கிளட்சைக் கழற்றும்போது கவனம், பெரும்பாலானவற்றில் மரை எதிர்த்திசை, வலப்பக்கம் திருப்பினால்தான் கழலும். பிஸ்டனை நிறுத்தப் பிளக் ஓட்டையில் ஸ்க்ரூடிரைவரை விடாதீர்கள். ஸ்டார்ட்டர் கயிற்றில் ஒரு துண்டை உள்ளே சுருட்டிவிட்டால் போதும்.

இன்ஜின் அடங்கி ஓடுகிறது, செயின் மட்டும் சுற்றுகிறது என்றால் அது கிளட்ச் ஸ்பிரிங்.

லிட்டருக்கு எவ்வளவு 2டி ஆயில்? ஒருவர் 20 மில்லி என்கிறார், இன்னொருவர் 40 என்கிறார்.
– தென்காசி

இரண்டும் சரிதான். பெட்ரோல் 50 பங்குக்கு ஆயில் 1 பங்கு என்றால் 20 மில்லி, 25-க்கு 1 என்றால் 40. மிஷினோடு வந்த புத்தகம் சொல்வதே முதல் வார்த்தை. புத்தகம் இல்லாத, வரலாறு தெரியாத பழைய மிஷினுக்கு நான் நல்ல ஆயிலாக 25 மில்லி கலக்கிறேன். கார் இன்ஜின் ஆயில் கலக்கவே கூடாது.

செயின் புதிது. ஆனாலும் ஒரு பக்கமாக வளைந்து அறுக்கிறது, மாவு போலத் தூள் வருகிறது.
– பொள்ளாச்சி

மாவாக வந்தால் பல் மழுங்கிவிட்டது, சீவலாக வந்தால்தான் கூர். தென்னையின் உட்பகுதி பஞ்சு போல இருந்தாலும் வெளிவட்டம் கடினம், கூரைச் சீக்கிரம் தின்றுவிடும். சாலையோர மரம் என்றால் விளம்பரத் தட்டி அடித்த ஆணியே போதும்.

செயின் பல்லின் வடிவத்துக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் மரம் வெட்டிக்கொண்டிருந்த ஜோசப் காக்ஸ், மரத்தைக் குடையும் வண்டின் புழு இடமும் வலமும் தாடையை அசைத்து எளிதாகத் தின்பதைக் கவனித்தார். அதைப் பார்த்து அவர் செய்த செயினை வைத்து 1947-ல் தொடங்கிய தொழில்தான் இன்று ஆரிகன் செயின் என்று நாம் வாங்குவது. இடப்பல், வலப்பல் என்று மாறி மாறி இருப்பது அதனால்தான். உங்கள் கோளாறும் அங்கேதான். அரம் தேய்க்கும்போது நம் கைக்கு ஒரு பக்கம் வசதி, அந்தப் பக்கத்துப் பல் அதிகம் தேய்ந்து குட்டையாகிவிடும். இருப்பதிலேயே குட்டையான பல்லைக் கண்டுபிடித்து, மற்ற எல்லாப் பல்லையும் அந்த நீளத்துக்குக் கொண்டுவாருங்கள். உருண்டை அரத்தை உள்ளிருந்து வெளியே மட்டும் தள்ளுங்கள், திரும்ப இழுக்காதீர்கள். 30 டிகிரிக் கோணத்தில் பல்லுக்கு இரண்டு மூன்று தள்ளல் போதும். சிறிய மிஷினின் 3/8 லோ புரொபைல் செயினுக்கு 4 மில்லிமீட்டர் அரம், .325 செயினுக்கு 4.8. பல்லுக்கு முன்னால் இருக்கும் சிறிய மேடு, வெட்டும் முனையைவிட 0.65 மில்லிமீட்டர் தாழ்வாக இருக்கட்டும். அதற்கு மேல் தேய்த்தால் செயின் மரத்தைக் கவ்விக் கையை உதறும்.

இதெல்லாம் செய்தும் வளைந்தால் பாரை (செயின் சுற்றி ஓடும் நீளத் தகட்டை) கழற்றித் தட்டையான மேசைமேல் நிறுத்திப் பாருங்கள். ஒரு பக்கம் சாய்ந்தால் விளிம்பு ஏறுமாறாகத் தேய்ந்திருக்கிறது.

செயினுக்கு வண்டியில் வடித்த கழிவு ஆயில் ஊற்றலாமா?
– நாமக்கல்

வேண்டாம். அதில் இருக்கும் உலோகப் பொடி ஆயில் பம்பைத் தேய்க்கும், அந்த ஆயில் உங்கள் உடம்பில்தான் தெறிக்கும்.

அப்பாவின் பழைய ஸ்டில் 070 செயின்சா இருக்கிறது. செயின் பிரேக் கிடையாது. சரி செய்து மரம் வெட்ட ஆசை.
– கோத்தகிரி

சரி செய்யுங்கள், மனசார சொல்கிறேன். நூறு சிசிக்கு மேற்பட்ட அந்த இன்ஜின் போல எளிமையானது குறைவு. காண்டாக்ட் பாயிண்ட் உள்ள பழைய ரகம் என்றால், பாயிண்டை மெல்லிய எமரியில் தேய்த்து எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் துடையுங்கள். பாதி மிஷின்கள் அதிலேயே உயிர் பெறும். கண்டென்சரும் சீல்களும் புதிதாகப் போடுங்கள். பெயின்ட் கடைசியில்.

ஆனால் அதைக் கொண்டு நிற்கும் மரத்தை வெட்டாதீர்கள், கிளை கழிக்காதீர்கள். பார் நுனியின் மேல் கால்பகுதி எதிலாவது பட்டால் மிஷின் கண்ணிமைக்கும் நேரத்தில் முகத்துக்கு எழும்பும். அதை நிறுத்தத்தான் 1970-களில் செயின் பிரேக் வந்தது. உங்கள் மிஷினில் அது இல்லை. பத்து கிலோவுக்கு மேல் எடையுள்ள அதை அந்த நொடியில் கையால் அடக்க முடியாது. கீழே படுத்த மரத்தில், பாரைச் சட்டத்தில் பூட்டிப் பலகை அறுக்க வைத்துக்கொள்ளுங்கள். அப்பா காலத்திலும் 070 பேர் வாங்கியது பெரிய மரங்களில்தான். நிற்கும் மரத்துக்குப் பிரேக் உள்ள மிஷின் ஒன்று தனியாக இருக்கட்டும். வாங்கும்போது முன்கைக் காப்பை முன்னால் தள்ளி, செயின் சட்டென்று நிற்கிறதா என்று ஓட்டிப் பார்த்தே வாங்குங்கள்.