நாகர்கோவிலிலிருந்து குமரி வரை நடக்கலாமா?

கேள்வி: அக்கா, எனக்கு வயது 47, தக்கலை பக்கம். மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் (அக்குள் கட்டிகளையும் எடுத்தார்கள்), கீமோ, கதிர்வீச்சு எல்லாம் திருவனந்தபுரத்தில் முடிந்து ஏழு மாதம் ஆகிறது. இப்போது லெட்ரோசோல் என்ற ஹார்மோன் சிகிச்சை மாத்திரை மட்டும். கதிர்வீச்சுக்கு வாரக்கணக்கில் தங்க வேண்டுமே, அங்கே அறை வாடகைக்குக் காசில்லாமல் திண்டாடியவர்களை நிறைய பார்த்தேன். அவர்களுக்காக நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரி வரை ஒரே நாளில் நடந்து, கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று பணம் திரட்ட ஆசை. உள்ளங்கால் இன்னும் மரத்துத்தான் இருக்கிறது. வீட்டுக்காரர் ‘சும்மா இரு’ என்கிறார். நடக்கலாமா?
- தக்கலை வாசகி

பதில்: நடக்கலாம், நடக்கவும் வேண்டும் சகோதரி. ஆனால் அந்த ‘ஒரே நாள்’, ‘கிலோமீட்டருக்கு இவ்வளவு’ இரண்டையும் விட்டுவிடுங்கள்.

சிவராத்திரிக்கு முன்சிறை திருமலையில் தொடங்கி திருநட்டாலம் வரை 12 சிவாலயங்களுக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிற ஊர் நம்முடையது, இங்கே 20 கிலோமீட்டர் என்றால் யாரும் தடுக்கமாட்டார்கள், போய்ட்டு வா என்றுதான் சொல்வார்கள். கிலோமீட்டருக்குப் பணம் என்று பேசிவிட்டால் சுசீந்திரம் தாண்டும்போதே கால் வலித்தாலும் நிற்க மனசு வராது, இன்னும் கொஞ்சம் நடந்தால் ஒரு நோயாளிக்கு ஒரு நாள் வாடகை ஆச்சே என்று இழுத்துக்கொண்டு போவீர்கள். 1980-ல் கனடாவில் புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் பணம் திரட்டச் செயற்கைக் காலோடு ஓடிய டெரி ஃபாக்ஸ், நாட்டு மக்கள் ஆளுக்கு ஒரு டாலர் தர வேண்டும் என்றுதான் கேட்டார். 143-வது நாள், புற்று நுரையீரலுக்குப் பரவியதால் பாதியில் நிறுத்தினார். ஆனாலும் பணம் வந்துகொண்டே இருந்தது, அடுத்த பிப்ரவரிக்குள் 2.4 கோடி டாலரைத் தாண்டியது. நீங்களும் ஆளுக்கு இவ்வளவு என்று மொத்தமாகக் கேளுங்கள். உங்கள் அன்பியத்திலோ (பங்குக் கோயிலின் அக்கம்பக்கக் குழு) சுய உதவிக் குழுவிலோ தொடங்கலாம். பணம் உங்கள் கணக்குக்கு வர வேண்டாம், மருத்துவமனையின் சமூகப் பணியாளரிடம் பேசி நேரே நோயாளி நல நிதிக்குப் போய் ரசீது வருகிற மாதிரி செய்யுங்கள்.

தூரம்? ஒரு மாதத்தில் 100 கிலோமீட்டர். தினம் மூன்றரைக்கும் குறைவு, முடியாத நாளில் விட்டுவிடலாம். இரண்டு மழைக்காலமும் உள்ள மாவட்டம் நமது, அதனால் ஜனவரி, பிப்ரவரியில் விடிகாலை வையுங்கள். கடைசி நாள் குமரிக் கடற்கரையில் எல்லோரும் சேர்ந்து நடந்து முடிக்கலாம். வீட்டுக்காரரையும் கூட்டிக்கொள்ளுங்கள், அவர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது.

மரத்த காலைத்தான் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். கீமோவால் நரம்பு பாதித்த காலில் கொப்புளம் வந்தால் தெரியாது, நடந்து முடித்துக் கண்ணால் பார்த்தால்தான் தெரியும். செருப்பு வேண்டாம், விரல் நுனிக்கு முன்னால் கொஞ்சம் இடம் விட்ட ஷூ, பருத்தி சாக்ஸ், தினம் இரவு உள்ளங்காலைக் கண்ணால் பார்ப்பது, இவை கட்டாயம். நெறிக்கட்டி எடுத்த பக்கத் தோளில் பை மாட்டாதீர்கள். நடக்கும்போது அந்தக் கையை அவ்வப்போது உயர்த்தி விரல்களை மடக்கி விரியுங்கள், கை வீங்கி வளையல் இறுகுவதுபோல் இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். லெட்ரோசோல் தரும் மூட்டுவலி நடந்தால் பெரும்பாலும் குறையும், ஆனால் அதே மாத்திரை எலும்பைத் தேய்க்கும் என்பதால் எலும்பு அடர்த்தி பார்த்தாகிவிட்டதா என்று கேளுங்கள். சில கீமோ மருந்துகள் இதயத்தையும் பாதிக்கும். எக்கோ (இதய ஸ்கேன்) எடுக்க வேண்டுமா என்பதையும் அடுத்த செக்கப்பில் கேட்டுவிட்டு, அதற்கப்புறம் தேதி குறியுங்கள்.