கேட்டதும் சொன்னதும்

கேள்வி: நந்தம்பாக்கம் போர்க் கல்லறைத் தோட்டத்தைத் தினமும் பஸ்ஸில் கடந்து போகிறேன், போன வாரம்தான் உள்ளே நுழைந்து பார்த்தேன். அங்கே படுத்திருப்பவர்களுக்காவது ஒரு கல் இருக்கிறது. அவ்வளவு பெரிய குண்டுவீச்சு விமானம் ஆட்களோடு சேர்ந்து சுவடே இல்லாமல் போனதாகப் படிக்கிறோமே, அது எப்படி? (வாசகி, போரூர்)

பதில்: கடலில் விழுந்தால் கேட்கவே வேண்டாம். ஆனால் தரையில், ஏறக்குறைய முழுசாகக் கிடந்தும் 15 வருஷம் யாரும் கண்டுபிடிக்காத ஒன்று உண்டு. அமெரிக்கர்களின் பி-24 லிபரேட்டர், பெயர் 'லேடி பி குட்'. 1943 ஏப்ரல் 4 அன்று லிபியாவின் சோலூக் தளத்திலிருந்து இத்தாலியின் நேப்பிள்ஸ் மீது குண்டு போடக் கிளம்பியது. உள்ளே 9 பேர், எல்லோருக்கும் சேர்ந்து அதுதான் முதல் போர்ப் பயணம்.

திரும்பும்போது இருட்டு. வழி தெரியாமல் லிபியாவிலேயே இருந்த பெனினா நிலையத்திடம் ரேடியோவில் திசை கேட்டார்கள். அந்தக் காலத்துத் திசைகாட்டி ஆன்டெனா, சத்தம் எந்தக் கோட்டில் வருகிறது என்று சொல்லும், அந்தக் கோட்டின் எந்த முனையிலிருந்து என்று சொல்லாது. கோடம்பாக்கத்தில் தண்டவாளத்து ஓரம் ஒரு காதைப் பொத்திக்கொண்டு நின்றால் ரயில் வருவது தெரியும், பீச் பக்கமிருந்தா தாம்பரம் பக்கமிருந்தா என்று தெரியாது இல்லையா, அது மாதிரி. விமானம் அதற்குள் தளத்தைத் தாண்டிப் பாலைவனத்துக்குள் போய்விட்டது, கீழே இருந்தவர்களோ அது இன்னும் கடல் மேல்தான் வந்துகொண்டிருக்கிறது என்று கணக்குப் போட்டார்கள். அப்படியே பறந்து பறந்து, சென்னையில் இறங்க வேண்டியவர் கன்னியாகுமரியில் போய் நின்ற கதையாக, சுமார் 700 கிலோமீட்டர் உள்ளே போய்விட்டார்கள்.

பெட்ரோல் தீரும் நேரத்தில் பாராசூட்டில் குதித்தார்கள். ஒருவரின் பாராசூட் சரியாக விரியவில்லை. மிச்சம் 8 பேர் ஒன்று சேர்ந்து, கடல் பக்கத்தில்தான் இருக்கும் என்று நம்பி வடமேற்கே நடந்தார்கள். கையில் அரைக் குடுவைத் தண்ணீர். துணை விமானி ராபர்ட் டோனர் நாட்குறிப்பு எழுதிக்கொண்டே வந்தார், ஏப்ரல் 12-ஆம் தேதியோடு அது நின்றுவிடுகிறது. 5 பேர் சுமார் 130 கிலோமீட்டர் நடந்திருந்தார்கள், அதாவது இங்கிருந்து திண்டிவனத்தையும் தாண்டி, அதுவும் மணலில்! மற்றவர்களில் இரண்டு பேர் அதற்கும் மேலே 30 கிலோமீட்டருக்கு மேல் போயிருக்கிறார்கள். எப்படித்தான் முடிந்ததோ.

எனக்கு வயிற்றைப் பிசைவது வேறு விஷயம். ஆளில்லாத அந்த விமானம் தானாகவே இன்னும் கொஞ்சம் பறந்து, அவர்கள் குதித்த இடத்துக்குத் தெற்கே 25 கிலோமீட்டர் வாக்கில் வயிற்றால் வழுக்கி இறங்கியிருந்தது. 1958-இல் எண்ணெய் தேடிப் பறந்தவர்கள் வானிலிருந்து பார்த்தார்கள், அடுத்த வருஷம் ஆட்கள் போய்ச் சேர்ந்தபோது உள்ளே தண்ணீர் இருந்தது, ரேடியோ வேலை செய்தது. அந்த 8 பேரும் அதற்கு முதுகைக் காட்டி வடக்கே நடந்திருக்கிறார்கள். முட்டாள்தனம் என்று சொல்லிவிடாதீர்கள், விமானம் எங்கே விழுந்தது, விழுந்து மிஞ்சியதா என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? 1960-இல் 8 உடல்கள் கிடைத்தன. வெர்னான் மூர் என்ற சார்ஜண்டின் உடல் மட்டும் கிடைக்கவில்லை.

கேள்வி: அப்படி உடலே கிடைக்காதவர்களுக்கு நந்தம்பாக்கம் மாதிரி ஓர் இடம் உண்டா? (வாசகர், ஆலந்தூர்)

பதில்: உண்டு, ஆனால் கல்லறை இல்லை, பெயர் மட்டும். பிரிட்டன் தரப்பில் இந்தப் பக்கம் காணாமல் போனவர்களுக்கு சிங்கப்பூர் கிராஞ்சியில் ஒரு நினைவுச் சின்னம், அதில் 24,000-க்கும் மேல் பெயர்கள், விமானப்படைக்காரர்களும் அதில் அடக்கம். இங்கிலாந்தின் ரன்னிமீடில் விமானப்படைக்கென்றே இன்னொன்று, 20,000-க்கும் மேல். நந்தம்பாக்கம் 1952-இல் உருவானது. தென்னிந்தியாவிலும் கிழக்கிலும் பல ஊர் இடுகாடுகளில் சிதறிக் கிடந்த போர்க் கல்லறைகளைப் பராமரிக்க வழியில்லை என்று இங்கே கொண்டுவந்தார்கள், இரண்டாம் உலகப் போர்க்காரர்கள் மட்டும் 856 பேர்.

கேள்வி: சென்னை மேல் ஜப்பான்காரன் நிஜமாகவே குண்டு போட்டானா? தாத்தா கதை விடுகிறாரா? (வாசகர், மயிலாப்பூர்)

பதில்: போட்டான், 1943 அக்டோபரில், ஒரே ஒரு விமானம். தாத்தாவிடம் மன்னிப்புக் கேளுங்கள்.