தேனீக்குச் சுறுசுறுப்பு மருந்து கொடுக்கலாமா?

கேள்வி: குலசேகரம் அருகே ரப்பர் தோட்டத்தில் 12 இந்தியத் தேனீப் பெட்டிகள் வைத்திருக்கிறேன். ஆடி பிறந்தது முதல் தேனீக்கள் வெளியே போவது குறைந்துவிட்டது. ஆக்டோபமைன் என்னும் மூளை வேதிப்பொருள் தேனீயைச் சுறுசுறுப்பாக்கும் என்று படித்தேன். அதைச் சர்க்கரைப் பாகில் கலந்து வைக்கலாமா? கடைக்காரர், 'பேன் இருக்கும், எதற்கும் அடித்து வையுங்கள்' என்று மாட்டு உண்ணி மருந்தும் கொடுத்திருக்கிறார்.

பதில்: நீங்கள் படித்தது சரிதான். புழுக்களுக்கு ஊட்டும் இளந்தேனீயைவிட, இரை தேடிச் செல்லும் தேனீயின் மூளையில் ஆக்டோபமைன் மிகுதி. 2001இல் ஷுல்ஸ், ராபின்சன் என்னும் ஆய்வாளர்கள் அதைப் பாகில் ஊட்டியபோது இளந்தேனீக்கள் உரிய வயதுக்கு முன்பே இரை தேடப் புறப்பட்டன. அப்படிப் புறப்படும் தேனீ நெடுநாள் உழைப்பதில்லை. அது விட்டுச் சென்ற புழுவுக்கு ஊட்டவும் ஆள் இராது. ஆகவே கலக்க வேண்டாம்.

மகரந்தம் எங்கிருந்து வருகிறது என்பதையல்லவா நீங்கள் கேட்டிருக்க வேண்டும்? ரப்பர் தளிர்க்கும் தை, மாசியில் இலைக்காம்பில் சுரக்கும் இனிப்பு பெட்டியை நிரப்பும். ஆனால் புழு வளர மகரந்தத்தில் கிடைக்கும் புரதம் வேண்டும், அதற்கு ரப்பர் உதவாது. மகரந்தம் குறைந்தால் இளந்தேனீயின் உடலில் வைட்டலோஜெனின் என்னும் புரதமும் குறைந்து, யாரும் மருந்து வைக்காமலேயே அது வயதுக்கு முன் வெளியே ஓடும். எனவே தென்னை நிற்கும் ஓரத்துக்குப் பெட்டிகளை மாற்றுங்கள். மழை ஓயும்வரை மாலையில் பெட்டிக்குள்ளேயே சிறிது பாகு வையுங்கள்.

அந்த உண்ணி மருந்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். புட்டியில் அமிட்ராஸ் என்று இருந்தால், நீங்கள் கலக்க நினைத்த ஆக்டோபமைன் பற்றும் அதே ஏற்பிகளை, அதாவது நரம்பணுவில் வேதிப்பொருள் ஒட்டும் இடங்களை, பற்றித்தான் அது உண்ணியைக் கொல்கிறது. தேனீக்கும் அந்த ஏற்பிகள் உண்டு. அயல்நாடுகளில் இத்தாலியத் தேனீக்கு அதை அளவிட்ட பட்டைகளாகத் தொங்கவிடுகிறார்கள். மாட்டுக்கு உரிய திரவத்தைக் கண்மதிப்பில் பெட்டிக்குள் தெளிப்பது வேறு வேலை, தேனிலும் மெழுகிலும் அதன் எச்சம் தங்கும். வரோவா பேனுக்கு இந்தியத் தேனீ பழைய வீடு. தன் மேலும் தோழியின் மேலும் ஏறும் பேனைப் பெரும்பாலும் அதுவே கடித்து உதறிவிடும். பெட்டி வைத்திருப்பவருக்கு இதைக்கூட அறியாமல் மருந்து விற்பவரை நான் கடைக்காரர் என்றுதான் சொல்வேன், ஆலோசகர் என்று சொல்ல மாட்டேன். புட்டியைத் திருப்பிக் கொடுங்கள்.

மழை வெறித்த ஒரு காலையில் ஏழு மணிக்குமேல் பத்து நிமிடம் வாசலருகே அமர்ந்து பாருங்கள். சிறகோரம் கிழிந்து, மயிர் உதிர்ந்து மினுங்கும் முதிய தேனீக்கள் போய்வந்தால் அஞ்ச வேண்டியதில்லை. வெளிர்மயிர் மாறாத குஞ்சுகள் பறந்தால் பெட்டி பசியில் இருக்கிறது. திரும்புபவற்றில் எத்தனையின் காலில் மகரந்த உருண்டை இருந்தது என்று எண்ணி, பெட்டிவாரியாக எழுதி அனுப்புங்கள்.